பொங்குவது வேறு, புளிப்பது வேறு

மைசூரில் மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 16, 17 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்குகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. பகலில் வெயில் அடித்தாலும் இரவில் சமையலறையின் கல்மேடை சில்லிட்டுவிடும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ அங்குக் குடிபெயரும் குடும்பம் முதல் குளிர்காலத்தில் கன்னடம் தெரியாமல் திண்டாடுவதைக் காட்டிலும் மாவு பொங்காமல் திண்டாடுவதே அதிகம். இரவு எட்டு மணிக்கு அரைத்து வைத்த இட்லி மாவு காலை ஏழு மணிக்கும் வைத்த மட்டத்திலேயே கிடக்கிறது. அன்றைக்குத் தோசை, மறுநாள் வேண்டுமானால் இட்லி.

இதற்குக் கைவைத்தியங்கள் பல உண்டு. பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி வைப்பது, அணைத்த அடுப்பின் அருகே வைப்பது, வெந்நீர் ஊற்றிய அகன்ற பாத்திரத்தில் இறக்கி வைப்பது, விளக்கை மட்டும் எரியவிட்டு ஓவனுக்குள் வைப்பது. இந்த வரிசையில் அண்மைக்காலமாக மின்னணுக் கருவிகளும் இடம்பிடித்திருக்கின்றன. மாவுக்குள் நுழைக்கும் எஃகு முனை கொண்ட வெப்ப உணரி, பாத்திரத்தின் அடியில் விரிக்கும் வெப்ப விரிப்பு, இரண்டையும் இணைக்கும் கட்டுப்படுத்தி, எல்லாவற்றையும் காட்டும் கைப்பேசித் திரை. இவற்றை வரவேற்பதா, ‘பாட்டி காலத்தில் இதெல்லாம் இருந்ததா’ என்று ஒதுக்குவதா என்பது வீண் வாதம். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: கருவி எதை அளக்கிறது? அளந்த கணக்கு யாரிடம் தங்குகிறது? கருவி எப்போது ஒதுங்கிக்கொள்கிறது?

முதலில் இக்கருவிகளின் பூர்விகத்தை அறிவது நல்லது. இவை இட்லிக்காகப் பிறந்தவை அல்ல. வீட்டிலேயே பீர் தயாரிப்போருக்காகப் பிறந்தவை. பிரிட்டனில் 1963இல் வீட்டுப் பீருக்கு உரிமம் தேவையில்லை என்றாயிற்று. அமெரிக்காவில் 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்து, வீட்டுத் தேவைக்கான பீருக்குக் கூட்டாட்சி அளவில் வழிவிட்டது. அதன்பின் வளர்ந்த பொழுதுபோக்காளர் கூட்டம் தன் கருவிகளைத் தானே வடிவமைத்துக்கொண்டது.

அவர்களுக்கு அளவீடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. ஏல் வகைப் பீருக்கான ஈஸ்ட் பொதுவாக 18 முதல் 22 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும். ஆனால், அந்த வேலையே வெப்பத்தையும் உண்டாக்கும். அறை 20 டிகிரியில் இருக்கையில் பாத்திரத்தின் உள்ளே அதைவிடச் சில டிகிரி கூடுதலாக ஏறிவிடும். வெப்பம் மிகுந்தால் நாவை உறுத்தும் காரமான ஆல்கஹால்கள் உருவாகி, வாரக்கணக்கான உழைப்பு வீணாகும். ஆகவே, பழைய குளிர்பதனப் பெட்டியை ஒரு வெப்பநிலைக் கட்டுப்படுத்தியில் செருகி, உணரியைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி, அதன்மேல் பஞ்சோ நுரைத்துண்டோ வைத்து மூடுவர். குறித்த அளவைத் தாண்டினால் பெட்டி ஓடும். அளவுக்குள் வந்தால் நிற்கும்.

இரண்டாவது கருவி இன்னும் நுட்பமானது. சர்க்கரை கரைந்த மால்ட் சாறு தண்ணீரைவிடக் கனமானது. சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற நீர்மத்தின் அடர்த்தி குறையும். தொடக்கத்தில் 1.050 என்றிருக்கும் ஒப்படர்த்தி முடிவில் 1.010 அளவுக்கு இறங்கும். முன்பு இதை அறிய, மூடியைத் திறந்து சாற்றை முகந்து கண்ணாடி அடர்த்திமானியை மிதக்கவிட வேண்டும். இப்போது ‘டில்ட்’ போன்ற கருவிகள் சாற்றிலேயே மிதக்கின்றன. அடர்த்திக்கு ஏற்ப அவற்றின் சாய்வு மாறும். சாய்வின் கோணம் கைப்பேசிக்கு வந்துசேரும். ஜெர்மனியில் தோன்றிய ‘ஐஸ்பிண்டல்’ இதே வேலையை எவரும் செய்துகொள்ளத்தக்க திறந்த வடிவமைப்பில் செய்கிறது. ஒரு சிறு வைஃபை சில்லு, சாய்வை உணரும் ஒரு சில்லு, ஒரு வெப்ப உணரி, ஒரு லித்தியம் மின்கலம், எல்லாவற்றையும் அடைக்க ஒரு பிளாஸ்டிக் குழல். அவ்வளவே.

மைசூரில் வீட்டுப் பீர் சட்டப்படி இயலாது. மதுபானம் குறித்த அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கர்நாடகத்தில் 1965ஆம் ஆண்டின் கலால் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைத் தடுக்கிறது. பெங்களூரின் சிறு மதுவடிப்பகங்கள் உரிமம் பெற்றே இயங்குகின்றன. ஆகவே, இக்கருவிகளுக்கு மைசூர் வீட்டில் நேர்மையாகக் கிடைக்கும் வேலை மாவும் தயிரும் பழஞ்சோறும்தான். அது தாழ்ந்த வேலையும் அல்ல. நொதித்தல் என்ற அளவில் பீரைவிட இட்லி மாவு எளிமையானது என்று நினைப்பவர் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பீர் தயாரிப்பவர் தேர்ந்தெடுத்த ஒரே ஈஸ்ட்டைக் கொதிக்கவைத்து ஆற்றிய சாற்றில் இடுகிறார். இட்லி மாவு அரைப்பவரோ அரிசியிலும் உளுந்திலும் இயல்பாக ஒட்டியிருக்கும் பல நுண்ணுயிர்களை ஒரே இரவில், தன் மனக்கணக்கு ஒன்றையே நம்பி நடத்திச் செல்கிறார்.

இந்த இரவுவேலையை அறிவியல் ஆராய்ந்த இடங்களுள் முதன்மையானது மைசூரே. மைசூர் அரச குடும்பத்தின் செலுவாம்பா மாளிகையில் 1950இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது, வி. சுப்பிரமணியன் அதன் முதல் இயக்குநர். இட்லி மாவு புளிக்கையில் அதனுள் நிகழும் மாற்றங்களைப் பற்றித் தேசிகாச்சாரும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 1960இல் அங்கிருந்து வெளிவந்தது. 1965இல் முகர்ஜி, ஸ்டெயின்கிராஸ் உள்ளிட்டோர் அமெரிக்க இதழொன்றில் வெளியிட்ட ஆய்வு, மாவைப் பொங்கச் செய்வதில் இன்றியமையாதது லியூகோனாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியா என்று காட்டியது. ரொட்டிக்கும் பீருக்கும் ஈஸ்ட் எதுவோ அதுவே இட்லிக்கு இந்தப் பாக்டீரியா. வெளியிலிருந்து உறை எதுவும் சேர்க்காமலேயே மாவு பொங்குவதன் காரணமும் இதனால் விளங்கிற்று: தேவையான உயிர்கள் தானியத்தோடும் பருப்போடும் வந்துவிடுகின்றன.

வாயு உண்டானால் மட்டும் போதாது. அதை மாவு பிடித்துவைக்கவும் வேண்டும். கோதுமையில் அந்த வேலையைக் குளூட்டன் செய்கிறது. அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் இல்லை. பின் எது பிடித்துவைக்கிறது? 1970களில் மைசூர் நிறுவனத்தின் சுசீலம்மாவும் எம்.வி.எல். ராவும் இதற்கு விடை தேடினர். உளுந்தில் உள்ள ஒருவகைப் புரதம் நுரையை உண்டாக்குகிறது. உளுந்தின் வழவழப்புக்குக் காரணமான அரபினோகேலக்டன் என்னும் கூட்டுச்சர்க்கரை அந்த நுரை ஆவியில் வேகும்போதும் உடையாமல் காக்கிறது. உளுந்தை ‘பந்துபோலப் பொங்க’ ஆட்ட வேண்டும் என்று வீடுதோறும் சொல்லப்படும் விதியின் வேதியியல் இதுதான். ஆட்டிய உளுந்தில் ஒரு துளியை நீரில் இட்டு அது மிதக்கிறதா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. கிண்ணத்தில் மிதக்கும் அந்தத் துளியும் ஓர் அடர்த்திமானிதான். அதற்கு மின்கலம் தேவைப்படவில்லை.

மொழியும் இங்கே ஒரு சான்று தருகிறது. பாடநூல் தமிழ் இந்த நிகழ்ச்சி முழுவதையும் ‘நொதித்தல்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. சமையலறைத் தமிழ் அப்படிச் செய்வதில்லை. மாவு ‘பொங்கியிருக்கிறது’ என்பது ஒன்று. மாவு ‘புளித்திருக்கிறது’ என்பது மற்றொன்று. ‘பொங்கிவிட்டது, ஆனால் இன்னும் புளிக்கவில்லை’ என்றால் இட்லி மெத்தென்று வரும், சுவை சப்பென்றிருக்கும். ‘புளித்துவிட்டது, ஆனால் பொங்கவில்லை’ என்றால் அதை ஊத்தப்பத்துக்கு ஒதுக்கிவிடுவார்கள். மைசூரின் கன்னடச் சமையலறையிலும் இதே பிரிவினை. புளிப்பு அங்கே ‘ஹுளி’. சொல் முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமானதற்கு மொழியியல் மாணவர் தவறாமல் படிக்கும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று அது. மாவு மேலெழுவதைச் சொல்லத் தமிழின் ‘உப்புதல்’ என்பதற்கு இனமான வினையை, பகரம் மெலிந்து ஒலிக்க, கன்னடர் ஆள்கின்றனர். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரோ கொதித்தலைக் குறிப்பது. மேலெழும் குமிழி மட்டுமே அதில் பதிவாகியிருக்கிறது. தமிழும் கன்னடமும் குமிழியையும் அமிலத்தையும் வேறுவேறு வினைகளால் பிரித்துவைத்திருக்கின்றன.

இப்பிரிவினை வெறும் சொல்லழகு சார்ந்ததன்று. லியூகோனாஸ்டாக் வாயு, அமிலம் இரண்டையும் தருகிறது. பின்னர் பெருகும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அமிலத்தையே கூட்டுகின்றன. ஆகவே, பொங்குதலும் புளித்தலும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. லியூகோனாஸ்டாக் 20 முதல் 30 டிகிரி வரையிலான மிதமான வெப்பத்தை விரும்புவது. மாவுக்கு உகந்ததாகக் கருதப்படும் 28 முதல் 32 டிகிரிக்குள், பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் மாவு ஏறத்தாழ இருமடங்காகும். ஆறுக்குச் சற்று மேலிருந்த பிஎச் அளவு நாலரையை நெருங்கும். இந்த இரண்டும் சேர்ந்து வரும் கணம்தான் ‘பதம்’. குளிருக்குப் பயந்து தயிர் உறையும் 40 டிகிரிச் சூட்டில் மாவை வைத்தால், பொங்கி முடிக்கும் முன்பே புளிப்பு முந்திக்கொள்ளக்கூடும். தானியங்கிப் பானையின் தயிர்ப் பொத்தானை அழுத்திவிட்டு, மாவு கடுத்துப்போனதே என்று வருந்துவோர் பழிக்க வேண்டியது அரிசியையோ உளுந்தையோ அன்று.

இனி முதற்கேள்விக்கு வரலாம்: கருவி எதை அளக்கிறது? கடையில் கிடைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை வெப்பத்தை அளக்கின்றன. வெப்பம் காரணம், பொங்குதலும் புளித்தலும் விளைவு. காரணத்தை அளந்துவிட்டு விளைவை அளந்ததாக நம்புவது எளிதில் நேரும் பிழை. பீருக்கான மிதவைக் கருவியை வாங்கி மாவில் போட்டாலும் பயனில்லை. மாவின் கெட்டியில் அது சாயாமல் செருகி நிற்கும். அப்படியே சாய்ந்தாலும், பீரில் அடர்த்தி குறைவது சர்க்கரை குறைவதால். மாவில் அடர்த்தி குறைவது குமிழிகள் உள்ளே தங்குவதால். எண் ஒன்று திரையில் தோன்றும். அதன் பொருள் வேறாகியிருக்கும். இரவல் வாங்கிய கருவியோடு அதன் கேள்வியும் சேர்ந்தே வருகிறது என்பதை மறந்தால் இப்படித்தான் ஆகும்.

மாவுக்குத் தேவை இரு அளவுகள். பொங்குதலை அறிய உயரம் போதும். நேரான பக்கங்கள் உடைய கண்ணாடிச் சாடியில் மாவை ஊற்றி, தொடக்க மட்டத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டலாம். எதிரே பழைய கைப்பேசியை நிறுத்திப் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கவைத்தால் அந்த இரவு முழுவதும் பதிவாகிவிடும். மூடியின் உட்புறத்தில் தொலைவு உணரி பொருத்துவோரும் உண்டு. ஆனால், மாவின் ஈரம் உணரியின் முகத்தில் வியர்த்து நின்று கணக்கைக் குழப்பும். புளித்தலை அறியப் பேனா வடிவப் பிஎச் மானிகள் உள்ளன. அவற்றை அவ்வப்போது 4, 7 என்னும் திட்டக் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். மாவு அப்பிய முனையை உடனே கழுவவும் வேண்டும். இல்லையேல் அது மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும். வெப்ப உணரியும் குறையற்றதன்று. பரவலாகப் பயன்படும் டிஎஸ்18பி20 உணரியின் பிழையளவே அரை டிகிரி. திரையில் 29.37 என்று இரு பதின்ம இடங்களில் தெரிவதை வைத்து அந்தத் துல்லியம் உண்மை என்று மயங்கிவிடக் கூடாது.

கட்டுப்பாடு அளவீட்டைவிடக் கடினமானது. ஐந்து கிலோ மாவு மெல்லவே சூடாகும், மெல்லவே ஆறும். அடியில் உள்ள விரிப்பு சூடாகி, அச்சூடு நடுவில் நிற்கும் உணரியை எட்டுவதற்குள் அடிமாவு வெந்நிலைக்கு நெருங்கிவிடலாம். உணரி போதும் என்று சொல்லி விரிப்பு அணைந்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். விரிப்பின்மீது உணரியை வைத்தாலோ மாவின் நிலை தெரியாது. 230 வோல்ட் மின்சாரமும் ஈரக் கையும் ஒரே மேடையில் சேர்வதன் ஆபத்து தனி. இத்தனைக்கும் பதிலாக, மூடியுள்ள ஒரு தெர்மோகோல் பெட்டியில் மாவுப் பாத்திரத்தையும் வெந்நீர்ப் புட்டி ஒன்றையும் சேர்த்து வைத்தால் மைசூர்க் குளிருக்குப் பெரும்பாலும் அதுவே போதும். பெட்டி போதுமா, எத்தனை புட்டி வேண்டும், எத்தனை மணிக்கு மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லத்தான் உணரி தேவை.

அளவீடு இன்னொன்றையும் கற்றுத்தரும். மாவின் இரவு முழுவதையும் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் நிமிடம். மிக்சியில் அரைத்தால் மாவு சூடேறும் என்று குளிர்ந்த நீர் ஊற்றுவது சமவெளியில் பழகிய விதி. அதே விதியைக் குளிர்காலத்து மைசூரில் கடைப்பிடித்தால் மாவு 20 டிகிரியில் தன் பயணத்தைத் தொடங்கும். பெரிய பாத்திரம், ஆகவே அறையின் குளிரிலிருந்து அது மீள்வதே இல்லை. கல் கிரைண்டரோ மிக்சியோ, வெதுவெதுப்பான நீர் ஊற்றி 28 டிகிரியை ஒட்டி முடித்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். இதை அறிய ஓர் உணரியும் இரண்டு இரவுகளும் போதும். அதன்பின் அந்த வீட்டுக்கு விரிப்பும் தேவையில்லை, செயலியும் தேவையில்லை.

இரண்டாம் கேள்வி: அளந்த கணக்கு யாரிடம் தங்குகிறது? பீரின் வரலாறு இதற்கு நல்ல பாடம். ஐரோப்பாவில் நெடுங்காலம் பீர் தயாரிப்பு வீட்டுவேலையாக, பெருமளவு பெண்களின் கையில் இருந்தது. பீர் தயாரிக்கும் பெண்ணைக் குறித்த ‘புரூஸ்டர்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல் இன்று குடும்பப் பெயராக மட்டுமே பெரிதும் எஞ்சியிருக்கிறது. வணிகம் பெருகியபோது தொழில் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. வெப்பமானியும் அடர்த்திமானியும் 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தபோது, அவை ஆலை முதலாளிகளின் கையில் போய்ச் சேர்ந்தன. அதன் பின்னர் ஆலைகள் அறிவியலுக்குக் கொடுத்தவை சிறியவை அல்ல. இன்று உலகம் முழுவதும் வழங்கும் பிஎச் அளவுகோலை 1909இல் சோரன்சன் உருவாக்கியது கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில். குறைந்த மாதிரிகளைக் கொண்டு முடிவு காணும் புள்ளியியல் முறையை 1908இல் ‘மாணவன்’ என்று பொருள்படும் புனைபெயரில் வெளியிட்ட காசெட், டப்ளின் கின்னஸ் ஆலையின் ஊழியர். மாவின் புளிப்பை இன்று பிஎச் என்ற எண்ணால் சொல்லும் எவரும் பீர் ஆலைக்குக் கடன்பட்டவரே. அளவீடு தீங்கு என்று இதற்குப் பொருளன்று. அளவுகோலை வைத்திருப்பவரிடம் தொழில் போய்ச்சேரும் என்பதே இதன் பொருள்.

மாவிலும் அது தொடங்கிவிட்டது. பெங்களூரிலிருந்து பொட்டலமாக வரும் மாவு ஒவ்வொரு நாளும் ஒரே சுவையில் இருப்பதற்குக் காரணம், ஆலையில் ஒவ்வொரு படியும் அளக்கப்படுவது. அது குற்றமன்று, வேலைக்குப் போகும் எத்தனையோ பேருக்கு அது விடுதலை. ஆனால், வீட்டில் மாவு அரைப்பவர் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ள வழியில்லாமல் போவது வேறு. செயலி இல்லாமல் திறக்காத கருவி, தொலைதூரக் கணினியில் சேரும் பதிவுகள், நிறுவனம் சேவையை நிறுத்திய நாளில் ஊமையாகும் திரை ஆகியவை சமையலறைக்குள் நுழைகையில் ஒரு குடும்பத்தின் பல இரவுகள் வேறொருவர் சொத்தாகின்றன. ஐஸ்பிண்டலைச் செய்த ஜெர்மானியப் பொழுதுபோக்காளர்கள் தம் வரைபடத்தை வெளிப்படையாக வைத்தனர். அவர்களிடமிருந்து கற்க வேண்டியது கருவியைக் காட்டிலும் அந்த வழக்கத்தையே.

இதற்கு எதிர்ப்புறத்திலிருந்தும் ஒரு குரல் எழும். ‘கைப்பக்குவத்தை எண்ணால் அளக்க முடியுமா? அவள் கைராசி அப்படி’ என்பது அது. கேட்க இனிமையான வாக்கியம். சற்று ஆராய்ந்தால் அவ்வளவு இனிமையாக இராது. கைராசி என்று சொல்லும்போது, பல்லாண்டு உற்றுநோக்கலால் ஒருவர் ஈட்டிய அறிவு பிறவிப் பேறாகச் சுருக்கப்படுகிறது. பிறவிப் பேற்றை எவரும் கற்றுக்கொள்ள இயலாது. ஆகவே, கணவரும் மகனும் கற்க வேண்டியதில்லை. அவர் ஒருவரே நள்ளிரவில் எழுந்து மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். ஊருக்குப் போனால் வீடு பட்டினி. புகழ்ச்சி ஒரு விலங்காகிவிடுகிறது. ‘28 டிகிரியில் தொடங்கு, பெட்டிக்குள் வை, ரப்பர் வளையத்துக்கு மேல் நாலு விரல் எழுந்ததும் எடு’ என்று எழுதி ஒட்டிய நாளில் அந்த வேலை எவரும் செய்யத்தக்கதாகிறது. அவருடைய அறிவும் அறிவு என்ற பெயரைப் பெறுகிறது. கையின் அறிவை அளவீடு அழித்துவிடும் என்று அஞ்சுவோர், அளக்கப்படாததாலேயே அது இதுவரை எவ்வளவு குறைவாக மதிக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: கருவி எப்போது ஒதுங்கிக்கொள்கிறது? இங்கே எல்லாருக்கும் ஒரே விடை கிடையாது. மெஸ் நடத்துபவருக்கு ஒரு நாள் மாவு கெட்டால் அன்றைய வருமானமே போயிற்று; அவருக்கு ஆண்டு முழுவதும் இயங்கும் கட்டுப்படுத்தி நியாயமான செலவு. தனியாக வாழும் முதியவர், இரவுப்பணிக்குச் செல்பவர் ஆகியோருக்கும் அப்படியே. ஏனைய வீடுகளுக்கு நல்ல கருவி என்பது நல்ல ஆசிரியரைப் போன்றது. அந்தச் சமையலறையின் நான்கு பருவங்களையும் கற்றுத்தந்துவிட்டு அலமாரிக்குள் போய்விட வேண்டும். எப்போதும் அதைக் கேட்டே மூடியைத் திறக்க வேண்டிய நிலை வந்தால், அது எதையும் கற்றுத்தரவில்லை என்றே பொருள்.

கற்றல் நிகழ வேண்டுமானால் கருவியின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். தேதி, அரிசி உளுந்து விகிதம், அரைத்து முடித்தபோது மாவின் வெப்பம், அறையின் வெப்பம், உப்பு முன்னரா பின்னரா, மாவு இருமடங்கான நேரம், முடிந்தால் பிஎச். இவை எண்கள். கடைசியில் ஒரு கட்டம் சொல்லுக்கு: அன்றைய இட்லியைத் தின்றவர் என்ன சொன்னார்? ‘மெத்தென்றிருந்தது’, ‘சப்பென்றிருந்தது’, ‘கல்லு’, ‘கடுத்துவிட்டது’, ‘இன்னும் ரெண்டு போடு’. இந்தக் கடைசிக் கட்டத்தைக் கருவியால் நிரப்ப முடியாது. ஆனால், இக்கட்டம் இல்லாமல் மற்ற எண்கள் எதற்கும் பொருளில்லை. எண் எதனோடு ஒப்பிடப்படுகிறது என்பதை அந்தச் சொற்களே தீர்மானிக்கின்றன. பீர் தயாரிப்பவர் குறிப்பேட்டிலும் சுவைக்கு ஒரு பகுதி உண்டு. வெப்ப வரைகோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் குடித்துப் பார்த்தே அவரும் முடிவு சொல்கிறார்.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மைசூரின் ஆய்வகம் இட்லி மாவைப் பற்றி அறிந்தவை ஆய்விதழ்களில் கிடக்கின்றன. அதே ஊரின் சமையலறைகள் அறிந்தவை எந்த இதழிலும் இல்லை. சில நூறு ரூபாய் உணரியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு கதவைத் திறக்கலாம். அந்தக் கதவின் சாவி எந்த நிறுவனத்தின் செயலிக்குள்ளும் போய்விடாமல், மாவில் கை வைப்பவரிடமே இருக்க வேண்டும். அடுத்த தை இரவில் மாவு பொங்காமல் போனால், ‘இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை’ என்று சொல்வதற்கு முன் அந்த வீடு தன் நோட்டின் சென்ற ஆண்டுப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கட்டும்.